குதிரைக்குக் கட்டிய பெல்ட்

என் மகள் குதிரை ஓட்டுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பொம்பளைப் பிள்ளை என்பதால் இல்லை. போன வருஷம் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டாள் என்பதால். வாரம் ஐந்து நாள் ஹைதராபாத் ஹைடெக் சிட்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, சனி ஞாயிறு ஆனால் மொயினாபாத் பக்கம் ஒரு பண்ணைக்குப் போய்க் குதிரையேறுவாள். "இது என்னட்டி கிறுக்கு?" என்று கேட்டால், "அரே, நக்கோப்பா, வேணாம், ஆரம்பிக்காத" என்பாள். குகட்பள்ளியில் வளர்ந்த பிள்ளை. வீட்டுத் தமிழ் பாதி, தெருவில் பொறுக்கியது பாதி.

எலும்பு சேர்ந்த கையோடு அடுத்த குண்டைப் போட்டாள்: நாற்பது கிலோமீட்டர் குதிரை ஓட்டப் போட்டி. பாதித் தூரம் வந்ததும் குதிரையை டாக்டர் பார்ப்பார். கொஞ்ச நேரத்துக்குள் அதன் நாடி நிமிஷத்துக்கு அறுபத்து நாலுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் மீதிப் பாதி. இறங்காவிட்டால் அத்தோடு சரி, வீட்டைப் பார்க்கப் போகலாம்.

தடுக்க முடியாது என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாலாநகரில் முப்பது வருஷம் விமானத்துக்கு ரேடியோ செய்தவன், கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? அவளுடைய ஆபீஸ் சிநேகிதி அமெரிக்காவிலிருந்து இரண்டு பெல்ட் வாங்கி வந்தாள். ஓட்டக்காரர்கள் நெஞ்சில் கட்டிக்கொள்வது; இதயத் துடிப்பை ஒயரில்லாமல் கைக்கடிகாரத்துக்கு அனுப்பும். ஒன்றை வெட்டி, நீட்டி, பஞ்சு வைத்துத் தைத்து, சேணத்தின் அடியில் குதிரையின் விலாவில் படும்படி செய்தேன். கடிகாரம் மகள் கையில். குதிரை தவித்தால் எண் காட்டிக்கொடுத்துவிடும், இவள் வேகத்தைக் குறைப்பாள், விழமாட்டாள். இதுதான் என் கணக்கு.

போட்டியன்று அவள் கிளம்பிப் போனதும் நான் ஓரிடத்தில் நிற்கவில்லை. டீயை வாங்கினேன், பாதியில் வைத்தேன். பாதை வரைக்கும் நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். குதிரை டாக்டரம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, "கைக்கு இத்னா டென்ஷன் அங்கிள்? எதுக்கு இவ்வளவு? உட்காருங்க" என்றார். நான் எங்கே உட்கார!

ஒருவழியாகத் தூசி தெரிந்தது. முகமெல்லாம் செம்மண்ணாக வந்து குதித்தாள். சேணத்தை அவிழ்த்து வேலி மேல் போட்டுவிட்டு, குதிரைக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். நான் அவள் தோளோடு ஒட்டி நின்று கடிகாரத்தையே பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு. இன்னும் ஊற்றினோம். நூற்றெட்டு. இன்னும் ஊற்றினோம். நூற்றுப் பதினான்கு.

"ஏறுதேப்பா! ஏன் ஏறுது?" அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"போதும்ட்டி. வாயில்லா ஜீவன். விட்டுரு, வீட்டுக்குப் போவோம்."

பேச்சுத்தான் குதிரைக்காக. உள்ளே ஒரு மூலையில் எனக்கு அப்பாடா என்றிருந்தது. இனிமேல் இவள் ஏறமாட்டாள். பெற்ற பிள்ளை பக்கத்தில் அழுகிறாள், எனக்கு நிம்மதி. சே!

டாக்டரம்மா வந்து குதிரையின் விலாவில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி வைத்துக் கேட்டார்.

"ஐம்பத்தாறு. அருமையா இருக்கு."

"அதெப்படி? இதில நூத்திப் பதினாலு காட்டுதே!" நான் சண்டைக்கே போய்விட்டேன். "என் பெல்ட் தப்பாச் சொல்லாது மேடம்."

அவர் வேலியைக் காட்டினார். என் பெல்ட் சேணத்தோடு ஒட்டிக்கொண்டு அங்கே கிடந்தது. அவிழ்த்தபோதே அதுவும் கழன்று வந்திருக்கிறது; நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை.

"அப்போ இது யாரோடது?" என்றாள் மகள். கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஈரக்கையால் சட்டைக்கு மேலேயே என் நெஞ்சைத் தடவினாள். இன்னொரு பெல்ட் தட்டுப்பட்டது. அந்த வெட்டவெளியில் கடிகாரம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கக் காலையில் நானே கட்டிக்கொண்டது, கழற்ற மறந்துபோனேன். இரண்டு பெல்ட்டுக்கும் ஒரே அலைவரிசை. முப்பது வருஷ ரேடியோக்காரனுக்கு இது உறைக்கவில்லை பாருங்கள்.

"குதிரை பாஸ், அங்கிள் ஃபெயில்" என்று டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

"இவ்வளவு பயமாப்பா உனக்கு?"

"ஆமாட்டி. நீ விழுந்த அன்னையிலருந்து."

அதுவரை அவளிடம் திட்டியிருக்கிறேன், கத்தியிருக்கிறேன், கிண்டல் செய்திருக்கிறேன். பயம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

குதிரைக்குக் கொடுத்த ஓய்வு நேரம் முடிந்ததும் அவள் சேணத்தைக் கட்டினாள். குதிரையின் பெல்ட்டை வேலியிலேயே விட்டுவிட்டாள். கடிகாரத்தை அவிழ்த்து என் மணிக்கட்டில் மாட்டினாள்.

"குதிரையை நான் பாத்துக்கறேன். இதை நீ பாத்துக்க. நான் வர்றதுக்குள்ள இறங்கலைன்னா உன்னை டாக்டர்ட்டதான் கூட்டிட்டுப் போவேன். சம்ஜே? புரிஞ்சுதா?"

ஏறி உட்கார்ந்தாள். வேண்டாம் என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "சூதானமா போயிட்டு வா" என்றேன்.