தழைச்சத்து மிஞ்சிய வெள்ளரி

கிணத்துக்கடவுக்கு மேற்கே, தென்னைகளுக்கு நடுவில், வெள்ளை ஷீட் போர்த்திய பாலிஹவுஸ் ஒன்று எங்கள் தோட்டத்தில் வீட்டை ஒட்டி நிற்கிறது. என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டுப் போட்டது. உள்ளே இங்கிலீஷ் வெள்ளரி. உரம் அவர் வேலை. கொடியைக் கயிற்றில் சுற்றிவிடுவதும் பக்கக் கிளை கிள்ளுவதும் என் வேலை. இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை. மற்ற எல்லாவற்றிலும் வந்தது. போன வருடம் நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. சண்டை போட ஆள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

காரியம் முடிந்த கையோடு, பெங்களூரில் இருக்கும் மகள் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போகப் பார்த்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை அவள்.

"ஒண்டியா இங்க என்னம்மா பண்ணுவ? எங்கூட வந்துரு."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் அவள் வீட்டில் போய் இருந்து பார்த்திருக்கிறேன். ஜன்னலில் நின்றால் எதிர்வீட்டு ஜன்னல்தான் தெரியும். மண்ணை மிதிக்க வேண்டுமென்றால் லிஃப்ட்டில் இறங்க வேண்டும். ஒரே ஒரு வெள்ளாமை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினேன்.

"சரி, இந்த ஒரு தடவை பாரு. காய் ஒழுங்கா வரலீன்னா ஷீட்டைக் கழட்டிப்போட்டு நீ கிளம்பி வந்துரணும்" என்றாள்.

"சரி கண்ணு" என்றேன். ஆக, மிச்சக் காலத்தை நான் எங்கே கழிப்பது என்று வெள்ளரிப் பிஞ்சுகள் முடிவு செய்யும்படி ஆயிற்று.

நாற்று நட்டேன். உரம் கரைக்கக் கற்றுக்கொண்டேன். கடைக்காரரிடம் கேட்டேன், ஃபோனில் வீடியோ பார்த்தேன், என் வீட்டுக்காரர் எந்த டப்பாவில் அளப்பார் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். பாலிஹவுஸ் மண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. வெளிக்காட்டில் உரம் கொஞ்சம் கூடிப்போனாலும் ஒரு மழை வந்து கழுவிக்கொண்டு போய்விடும். உள்ளே மழை ஏது? போட்டது போட்ட இடத்திலேயே கிடக்கும். அதிலும் தழைச்சத்து மிஞ்சினால் செடி காய்ப்பதை மறந்துவிட்டு இலை இலையாகத் தழைத்துக்கொண்டே போகும். அதனால் நான் பயந்து பயந்துதான் போட்டேன். சொட்டுநீர் விடும்போது தழைச்சத்து உரமான கால்சியம் நைட்ரேட்டைத் தொட்டியில் கரைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள், சொன்ன அளவுக்கு ஒரு கைப்பிடி குறைவாகவே கொடுத்தேன்.

செடி வளர்ந்தது. அப்படி ஒரு வளர்த்தி நான் பார்த்ததில்லை. இலை கருகருவென்று முறம் மாதிரி விரிந்தது. தண்டு கட்டைவிரல் மொத்தம். முதலில் பெருமையாக இருந்தது. மகளுக்கு ஃபோட்டோகூட அனுப்பினேன். பிறகு பார்த்தால் பூ கம்மி. வந்த பூவில் பிஞ்சு விட்டாலும் விரல் நீளம் வருவதற்குள் மஞ்சளித்து வெம்பிப்போனது. இலைக்கு அடியில் வெள்ளை ஈ வேறு குடியேறியது. ஆள் மட்டும் வளர்ந்து என்ன பிரயோஜனம் என்று ஊரில் சில பையன்களைச் சொல்வார்கள். அந்தக் கதைதான்.

உரத்தைப் பாதியாகக் குறைத்தேன். இலையின் கருப்புப் போகவில்லை. மண்ணில் இருக்கும் உர உப்பை அளக்க, பேனா மாதிரி ஒரு மீட்டர் என் வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்தார். பாத்தி மண்ணைத் தண்ணீரில் கரைத்து மீட்டரை விட்டுப் பார்த்தால் எண் ஏறித்தான் நின்றது. போர்வெல் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். அளந்தால் தண்ணீர் எப்போதும் போலத்தான் இருந்தது. மீட்டரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் என்னையே சந்தேகப்பட்டேன். காலையில் போட்டுவிட்டு, போட்டதை மறந்து மறுபடியும் போடுகிறேனா? உர மூட்டையைத் தூக்கிப் பார்த்தால் சரியாகத்தான் குறைந்திருந்தது. அப்படியும் நம்பிக்கை வரவில்லை. தனியாக இருப்பதில் இது ஒரு கஷ்டம். நமக்குப் புத்தி பேதலித்துப்போனாலும் சொல்ல ஆள் இருக்காது. "காத்தால உரம் போட்டாச்சு" என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லி வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். இதை மகளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே கார் வந்திருக்கும்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர்கள் இல்லை. நல்லவர்கள், அதுதான் தொல்லை. கேட்டைத் திறந்தால் தூக்குப்போசியில் குழம்பு தொங்கும். பக்கத்துத் தோட்டம் என் கொழுந்தனாருடையது. குழம்பு வைப்பது அவர் மனைவி. வைத்தவர் முகத்தை நான் பார்க்க முடியாது. களத்தில் காய்ந்த தேங்காய் மட்டைகளை யாரோ அடுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். வழியில் பார்ப்பவர்கள், "சாப்புட்டீங்களாங்க?" என்று வண்டியை நிறுத்தாமலே கேட்டுவிட்டுப் போவார்கள். கொழுந்தனார் முன்பெல்லாம் சாயங்காலம் தவறாமல் வந்து, கயிற்றுக்கட்டிலில் அண்ணனோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அண்ணன் போன பிறகு வாசல்படி ஏறவில்லை. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் உட்கார்ந்து பேசினால் மரியாதையாக இருக்காது என்று நினைத்திருப்பார். அவர் மனைவியும் அதே மரியாதையைக் கடைப்பிடித்தாள். எனக்கு அந்த மரியாதையின் மேல் ஆத்திரமாக வந்தது. குழம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய், ஒற்றை ஆளாக உட்கார்ந்து தின்று, போசியைக் கழுவித் திரும்பவும் கேட்டிலேயே மாட்டுவேன்.

தினமும் காலையில் மாட்டைக் கறந்து, பால் ஊற்ற சொசைட்டிக்குப் போவேன். ஒரு நாள் பாதி வழியில் எதிரே வந்தவர், அங்கே கரண்ட் இல்லை, மெஷின் ஓடவில்லை என்றார். திரும்பி வந்தேன். பாலிஹவுஸுக்கு வெளியே கொழுந்தனாரின் வண்டி நின்றது. உள்ளே அவர் உரத் தொட்டியின் மேல் குனிந்து குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். காலடியில் அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பை. கை முழுக்க வெள்ளைக் குருணை.

"ஏனுங்க தம்பி, என்னுங்க பண்றீங்க?"

திருடன் மாதிரி விழித்தார். "சும்மாதானுங்க அண்ணி. கொஞ்சம் கால்சியம் நைட்ரேட் உட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அண்ணன் எப்பவும் உடறதுதானுங்க."

"எப்ப இருந்துங்க?"

"நாத்து நட்டதுல இருந்துங்க. நீங்க பாலுக்குப் போற நேரத்துக்கு வந்து உட்டுப்போட்டுப் போயிருவனுங்க."

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லலை?"

"ஒத்தாசை செஞ்சுபோட்டு அதைச் சொல்லிக் காட்டறதுங்களா அண்ணி? நல்லாவா இருக்கும்? உங்களுக்கு உரம் போடத் தெரியாதுன்னு நான் சொன்ன மாதிரியும் ஆயிருமுங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. என் புத்தி சரியாகத்தான் இருந்திருக்கிறது என்ற நிம்மதி ஒரு பக்கம். "தம்பி, நானும் உடறனுங்க. நீங்களும் உட்டா செடி என்னத்துக்கு ஆகும்?" என்றேன்.

அப்போதுதான் அவர் நிமிர்ந்து செடியை ஒழுங்காகப் பார்த்தார். தலைமுறை தலைமுறையாக விவசாயம் பண்ணுகிற குடும்பம். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. வெம்பின பிஞ்சு ஒன்றைக் கிள்ளிக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணன் செடியைக் கெடுத்துப்போட்டனுங்களா?" என்று கேட்டார். முகம் செத்துப்போயிருந்தது.

"கெடலீங்க, சரி பண்ணிரலாம்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். இத்தனை மாதம் வாயைக் கட்டி வைத்திருந்த எரிச்சல் விடவில்லை. "உரமெல்லாம் வேண்டாமுங்க தம்பி. வந்தா உக்காந்து ஒரு வாய் டீ குடிச்சுட்டு, நாலு வார்த்தை பேசிட்டுப் போங்க. எனக்குப் பேசத்தான் ஆளில்லை."

அவர் தரையைப் பார்த்தார். "சரிங்க அண்ணி" என்றார். பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டியை உருட்டியே கேட் வரைக்கும் போனார். அங்கே போய்த்தான் ஸ்டார்ட் பண்ணினார்.

தழைச்சத்தை அடியோடு நிறுத்தினேன். வெறும் தண்ணீரை நிறைய விட்டு மண்ணைக் கழுவினேன். பிறகு காய்ப்புக்கு வேண்டிய சாம்பல்சத்து மட்டும் கொடுத்தேன். அடியிலைகளைக் கழித்தேன், வெம்பியதையெல்லாம் பொறுக்கிக் குழியில் போட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கருப்பு இறங்கி, இலை பச்சையாகத் தெரிந்தது. அதற்கப்புறம் பூ வந்தது. கணுவுக்குக் கணு பிஞ்சு நின்றது. மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போகும் வேன்காரர் காயைக் கையில் உருட்டிப் பார்த்து, "நீட்டா இருக்குதுங்கம்மா" என்றார். மகளுக்கு வீடியோவில் காட்டினேன். "சரிம்மா, நீ அங்கயே இரு" என்றாள்.

இருந்தேன். கேட்டது கிடைத்துவிட்டது. கொழுந்தனார் வரவில்லை. டீக்கும் வரவில்லை, உரத்துக்கும் வரவில்லை. தப்புப் பண்ணிவிட்டோம் என்று அவருக்குக் கூச்சம். அதோடு நான் பேச ஆளில்லை என்று வாய்விட்டுச் சொன்னது அதைவிடப் பெரிய கூச்சமாகப் போயிருக்க வேண்டும். தூக்குப்போசிகூட வருவது குறைந்தது. ஒரு வார்த்தை கேட்கப் போய், வந்துகொண்டிருந்த ஒரே மனிதரையும் துரத்திவிட்டேன். காயை அறுத்துக் கிரேட்டில் அடுக்கும்போது, இந்தப் பாலிஹவுஸுக்குள் தினம் காலையில் ஒரு ஆள் வந்து போயிருக்கிறாரே, அது தெரியாமல் இருந்துவிட்டோமே என்று உரத் தொட்டிப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

போன வாரம் அவருக்கு ஃபோன் பண்ணினேன். "தம்பி, நாளைக்குத் துடியலூர்ல சொந்தக்காரங்க ஊட்டு விசேசத்துக்குப் போறனுங்க. வர சாயங்காலம் ஆயிரும். உரம் அளந்து வாளியில வெச்சிருக்கறேன். தண்ணி உடறப்ப ஊத்தி உட்டுருவீங்களா?"

"அதுக்கென்னுங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

துடியலூரில் எந்த விசேஷமும் இல்லை. பாலை நேரத்தோடு ஊற்றிவிட்டு வந்து, முன்கதவை வெளியே பூட்டி, பின்கட்டு வழியாக உள்ளே போய்ச் செருப்பையும் எடுத்து வைத்துக்கொண்டேன். வண்டி வந்து நின்றது. வாளியைத் தூக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து பாலிஹவுஸுக்குள்ளிருந்து அவர் செருமினார். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே செருமல். இத்தனை வருடத்தில் நான் கவனித்ததில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு அவரிடம் போய்விடலாமா என்றிருந்தது. போனால் அடுத்த தடவை வர மாட்டார். சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். விசில் சத்தத்துக்குப் பயந்து, அவர் போகும்வரை குக்கர்கூட வைக்கவில்லை.