பூச்சி தின்ற முகம்

அத்தானைப் பற்றிச் சொல்வதென்றால் என் அக்காவின் குளியலறையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அங்கே இருக்கும் தொட்டியில் அக்கா குளித்ததைவிடப் பழைய சினிமா போஸ்டர்கள் குளித்ததுதான் அதிகம்.

அத்தானுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. கடை மூடினால் நேரே வீடு. மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கம் கிடையாது என்று என் அம்மா பெருமையடிப்பாள். இந்த ஒன்று போதாதா என்று அக்கா பல்லைக் கடிப்பாள். மூடிப்போன தியேட்டரின் கிடங்கு, பழைய பேப்பர் கடை, யாரோ வீட்டு அலமாரிக்குள் ஒட்டிய காகிதம் என்று எங்கெங்கோ மோப்பம் பிடித்துப் போய்க் கொண்டுவருவார். நனைத்த பஞ்சால் ஒவ்வொரு நிறத்தையும் ஒற்றிப் பார்த்து, சாயம் போகாது என்று தெரிந்த பிறகே தொட்டியில் இறக்குவார். பழைய பசை ஊறிக் கழன்றதும், மெல்லிய துணியில் மைதாப் பசை தடவி அதன்மேல் ஒட்டிக் காயவைப்பார். ஓட்டைகளுக்கு அதே காலத்துக் காகிதத்தில் ஒட்டுப் போடுவார். வண்ணம் தீட்டுவது அந்த ஒட்டின் மேல் மட்டும்தான், அதுவும் ஈரம் பட்டால் கரைந்துவிடுகிற வண்ணம். நான் செய்தது தப்பு என்று நாளைக்கு யாராவது கண்டுபிடித்தால் அழிக்க வசதியாக இருக்க வேண்டாமா என்பார்.

"ஏங்க, நான் குளிக்கணும். உங்க கதாநாயகி எப்ப எந்திரிப்பா?" என்று அக்கா கதவைத் தட்டுவாள்.

"இன்னும் கொஞ்சம் ஊறணும்மா."

போஸ்டரில் இருப்பவர்களை அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். ஆனால் அக்கா தன் நீளமான முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டு வந்தபோது, அது அவர் கண்ணில் படவே பல நாள் ஆயிற்று. "இந்த மனுஷன் ஒரு நாளாவது என் மூஞ்சியப் பார்த்திருப்பாராடா?" என்று என்னிடம் கேட்டாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது குரல் கம்மிவிட்டது. எனக்கு அத்தான் மேல் பொல்லாத கோபம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் அருங்காட்சியகத்திலிருந்து அவரைத் தேடி வந்தார்கள். படச்சுருள்கூட மிஞ்சாத ஒரு பழைய படத்தின் போஸ்டர் அத்தானிடம் இருந்தது. வேறு பிரதி எங்கேயும் இல்லை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதைக் கண்காட்சியில் வைக்க ஆசைப்பட்டார்கள். ஒரே குறை, கீழ் மூலையில் ஒரு முகத்தைப் பூச்சி தின்றிருந்தது. தோளில் புரளும் கறுத்த முடி மட்டும் மிச்சம்.

இல்லாததை வரையக் கூடாது என்பது அத்தானின் சட்டம். அந்த இடத்தை வெறும் பழுப்பாக விட்டுவிடலாம் என்றார். அருங்காட்சியக அதிகாரி விடவில்லை.

"மூஞ்சி இல்லாம மாட்டினா நல்லாவா இருக்கும்? ஏதோ ஒரு பொண்ணு முகம்தானே சார், போட்டு விடுங்க."

அத்தான் மனசில்லாமல் தலையாட்டினார். பார்த்து வரைய ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. அறையைச் சாத்திக்கொண்டு ஏதோ வரைந்து கொடுத்துவிட்டார்.

கண்காட்சிக்கு அக்கா வர மறுத்துவிட்டாள். "தொட்டியில பார்த்தது பத்தாதா?" என்றாள். நான் போனேன். கூட்டத்தில் எட்டிப் பார்த்தபோது அந்த மூலைப் பெண் எங்கேயோ பார்த்த முகமாகத் தெரிந்தாள். பழைய நடிகை யாராவது இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கண்காட்சி முடிவதற்குள் வேறோர் ஊர்ச் சேகரிப்பாளரிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. அதே போஸ்டர், பூச்சி தொடாத பிரதி. அந்த மூலையில் இருந்தது பெண்ணே இல்லை, தோள்வரை முடியும் நெஞ்சுவரை தாடியும் வைத்த ஒரு கொள்ளைக்காரன்! நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அத்தானுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"யாருக்குத் தெரியப் போகுது, விடுங்க சார்" என்றார் அதிகாரி.

"எனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு, போஸ்டரைத் திருத்த வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டார்.

சாப்பாட்டு மேஜையில் அதை விரித்துவிட்டு, பஞ்சை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். தட்டு வைக்க இடம் இல்லையே என்று திட்டிக்கொண்டே வந்த அக்கா, பாதியில் பேச்சை நிறுத்தினாள். மூலையில் இருந்தது அவள்தான். இடது புருவத்தை வெட்டிப் போகும் தழும்பு இருந்தது. சிரிப்பை அடக்கும்போது ஒரு பக்கம் மட்டும் ஏறும் உதடு இருந்தது. காதுக்குக் கீழே ஒரு பொட்டு மச்சம்கூட இருந்தது. கூடப் பிறந்த எனக்கே அப்படி ஒன்று தெரியாது. திரும்பி அக்காவின் கழுத்தைப் பார்த்தேன். இருந்தது.

"இது நான்தானே?" என்றாள்.

அத்தான் குனிந்து, தானே முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஆமா, நீதான். பார்த்து வரைய ஒண்ணும் இல்லம்மா. கை அதுவா போட்டுடுச்சு."

"அத்தான், அழிக்காதீங்க" என்றேன். அவரும் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இருக்கே! தாடிக்காரன் இடத்துல எனக்கு என்ன வேலை? அழிங்க. என் மூஞ்சி எங்க இருக்குன்னுதான் உங்களுக்குத் தெரியுதே."

அத்தான் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பார்த்தது போதும்" என்றாள் அக்கா. "மொதல்ல தொட்டியில ஊறுற உங்க அடுத்த கதாநாயகன எழுப்புங்க. நான் குளிக்கணும்."