கொக்கிக்காரன் பேசிய தமிழ்

பர்மா பஜாரிலிருந்து வந்த அந்த மஞ்சள் கேசட்டின் மேல் இருந்தது ஜப்பான் எழுத்தா சீன எழுத்தா என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடவும் இல்லை. காசிமேட்டில் ஐஸ் பெட்டி சுமந்துகொண்டிருந்த என் அண்ணன் டிவி கேமை வாங்கி வந்த அன்று, எங்கள் ஒற்றை அறைக்குள் தெருவே வந்து உட்கார்ந்துவிட்டது. கேசட்டை வாயால் ஊதிச் செருகினால் சண்டைக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். வாள் வைத்தவன், நெருப்பு துப்புகிறவள், சிறகு முளைத்தவன். கடைசியில் குள்ளமாக, கறுப்பாக, கையில் இரும்புக் கொக்கியோடு ஒருவன். அவனுக்குப் பின்னால் கிரேனும் கப்பலும் தெரியும். “இவன் நம்ம ஆளு” என்று அண்ணன் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் திரையில் ஏதோ வசனம் ஓடும். அண்ணன் பட்டனிலிருந்து கட்டைவிரலை எடுக்காமலே அதற்குத் தமிழ் சொல்லுவார். கொக்கிக்காரனின் படகைத் துறைமுகத்து முதலாளி பிடுங்கிக்கொண்டானாம். அதை மீட்க இவன் ஒற்றை ஆளாகக் கிளம்பியிருக்கிறானாம். “இன்னா மாமு, என் படகு எங்க கீது?” என்பதுதான் அவன் எதிராளியிடம் கேட்கும் முதல் கேள்வி. எல்லோரையும் வென்றால், கொக்கிக்காரன் கடலைப் பார்த்து நிற்கும் படம் ஒன்று வரும். “படகு வந்துகினு கீது. அதான் பாத்துகினு கீறான்” என்பார் அண்ணன். நாங்கள் கைதட்டுவோம். அது அண்ணன் கட்டிய கதை என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. கொஞ்ச காலத்தில் அவருக்கே அது மறந்துபோனது என்று நினைக்கிறேன்.

வருடங்கள் ஓடின. கேம் பெட்டி பழுதாகிக் காயலான் கடைக்குப் போனது. அண்ணன் காசிமேட்டில் மீன் ஏலம் கூவுகிறவர் ஆனார். நான் ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, வாசலுக்கு உள்ளே ஒரு தமிழும் வெளியே ஒரு தமிழும் பேசப் பழகினேன். அண்ணனுக்கு ஒரே மகள். கொக்கிக்காரன் கதையைக் கேட்டுத்தான் அவள் சோறு தின்றாள், தூங்கினாள். பிறகு பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கே போன பிறகு, “வூடு இல்லப்பா, வீடு. கீது இல்லப்பா, இருக்கு” என்று திருத்த ஆரம்பித்தாள். அண்ணன் சிரித்துக்கொண்டே, “சரி டீச்சரம்மா” என்பார். ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்கு, “நீ வேணாம்ப்பா, அத்தை வரட்டும்” என்று அவள் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. நான்தான் போய்வந்தேன்.

அந்த வருடம்தான் அந்த ஆட்டத்தைப் படமாக எடுத்து, தமிழிலும் டப் செய்து வெளியிட்டார்கள். சின்ன வயதில் ஆடியவர்களே, பிள்ளைகளை அழைத்து வாருங்கள் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். “நம்மளத்தான் கூப்புடுறான்” என்றார் அண்ணன். மகளிடம், “உங்கப்பன் மாரி பேசுற ஆளு ஈரோவா வருவான், வந்து பாரு” என்றார். ஈஸ்திரி போட்ட சட்டையில் அவர் கிளம்பியதைப் பார்த்தால் பெண் பார்க்கப் போகிறவர் என்றே சொல்லலாம். மீன் வாசம் போக இரண்டாம் முறை குளித்திருந்தார்.

மால் தியேட்டரில் படம் ஓடியது. வாள்காரன்தான் நாயகன், சுத்தமான தமிழ் பேசினான். நெருப்புக்காரி அதைவிடச் சுத்தம். கொக்கிக்காரன் வந்தான். “இன்னா நைனா, ஒரே பேஜாரா கீது” என்று வாயைத் திறந்தான். அண்ணன் சீட்டின் நுனிக்கு வந்து மகளின் கையைப் பிடித்து, “நம்ம பாஷை, பாத்தியா?” என்றார். அதற்குள் அரங்கமே சிரித்தது. கொக்கிக்காரன் திருடன். நாயகனின் பையை அடித்தான், சாப்பாட்டுக்காக அவனைக் காட்டிக்கொடுத்தான், கடைசியில் சாக்கடையில் விழுந்து “கலீஜ், கலீஜ்” என்று அலறினான். வாயைத் திறந்த ஒவ்வொரு முறையும் சிரிப்பு. படகும் இல்லை, கடலும் இல்லை. அண்ணன் மகளும் சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, சிரித்த முகத்தோடே அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் அவள் கையை விட்டுவிட்டார்.

வடசென்னை ஆட்களைக் கவரத்தான் அப்படி வசனம் வைத்ததாக, அதை எழுதியவர் ஒரு பேட்டியில் பெருமையாகச் சொன்னதைப் பின்னால் கேட்டேன். நல்ல கவர்ச்சி. டிக்கெட் வாங்க நாங்கள் வேண்டும், சிரிக்க எங்கள் வாய் வேண்டும். கள்ளக் கேசட்டில் ஆடியவர்களுக்கு எந்த நாட்டுக் கம்பெனியும் கதை எழுதுவதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் கதையைத்தான் சொன்னார்கள் என்றால், அந்தத் திருடனுக்கு மட்டும் ஏன் எங்கள் தமிழ்? வாள்காரன் ஒரு வார்த்தை அப்படிப் பேசியிருந்தால் வாள் முறிந்துபோயிருக்குமா? இன்றும் எனக்கு ஆறவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, திருடன் சாக்கடையில் விழுந்ததை எனக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்து நின்றிருந்த அண்ணனிடம் கண்டக்டர் வந்தார். அண்ணன் ஒரு தரம் மகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஐயா, திருவொற்றியூருக்கு மூன்று பயணச்சீட்டு கொடுங்கள்” என்றார்.

கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னா நைனா, ஊருக்குப் புச்சா?” என்றார்.

மகள் அதற்கும் சிரித்தாள்.

இப்போதும் காசிமேட்டில் அவர் ஏலம் கூவினால் படகு கட்டும் வார்ப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிற படகுக்காரன்கூடத் திரும்பிப் பார்ப்பான். மகள் காலேஜுக்குப் போகிறாள். வீட்டுக்குள் நுழைந்ததும், “சாப்பிட்டாயா அம்மா?” என்று அவளிடம் கேட்கிறார், தாலுகா ஆபீசில் மனு நீட்டுகிறவரைப் போல. “சாப்பிட்டேன்” என்கிறாள். அதற்கு மேல் என்ன பேசுவது என்று அந்தத் தமிழில் அவருக்குத் தெரியவில்லை.