கோடு பார்க்காதவர்

அடுத்தவர் வீட்டு டிவியின் பின்பக்கத்தைப் பார்க்காத வரைதான் மனிதர்கள் மேல் மரியாதை இருக்கும். நான் பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன். முன்னால் பளபளவென்று துடைத்திருப்பார்கள். பின்னால் கரப்பான் முட்டை, பல்லி எச்சம், பாதி கடித்த பிஸ்கட். ஆசை ஆசையாக ஹோம் தியேட்டர் வாங்கி, ஒரு ஸ்பீக்கரைச் சோபாவுக்குப் பின்னால் திணிப்பார்கள். இன்னொன்றின் தலையில் பூந்தொட்டியை வைத்துத் தண்ணீரும் ஊற்றுவார்கள். கடையில் கண்ணைப் பறிப்பதற்காக ஏற்றி வைத்த நிறத்தை வீட்டிலும் அப்படியே ஓடவிட்டு, திரையில் எல்லா முகமும் ஆரஞ்சுப் பழமாகத் தெரிந்தால் சூப்பர் என்பார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

படத்தைச் சரிசெய்வது என் வேலை. ஒலி என் தங்கையின் கணவருடையது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ஊரில் அவருக்குப் பெயர் 'காது'. கடைக்காரர்களே வாடிக்கையாளரிடம், "காதை அனுப்புறேன், கவலைப்படாதீங்க" என்பார்கள். அந்தப் பெயரில்தான் எங்கள் இரண்டு குடும்பமும் சாப்பிட்டது.

பெயர் வந்த கதை இதுதான். ஸ்பீக்கருக்குப் போகும் இரட்டை வயர் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்றின் ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடு ஓடும். அந்தக் கோட்டைப் பார்த்துச் சிவப்பு முனையிலும் கறுப்பு முனையிலும் கட்ட வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப்போனாலும் சத்தம் வரும், ஆனால் குரல் அறையில் அலைந்துகொண்டிருக்கும். மச்சான் கோட்டையே பார்க்க மாட்டார். அது கத்துக்குட்டிகள் வேலையாம். கைக்கு வந்தபடி கட்டிவிட்டு, நடு ஸ்பீக்கரை நிறுத்தி, முன்னால் இருக்கும் இரண்டில் மட்டும் டிவியில் யாராவது பேசுகிற குரலை ஓடவிட்டு நாற்காலியில் உட்கார்வார். குரல் சரியாக இரண்டுக்கும் நடுவிலிருந்து வந்தால் தலையாட்டுவார். இல்லையென்றால் எழுந்து ஒரு வயரை மாற்றிக் கட்டுவார். எல்லோரும் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் அவருக்கு இடது காது போனது. காதில் தண்ணீர் போய்விட்டது, சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தங்கை இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அவள் என்னிடம் அழுதாள். ஒற்றைக் காதுக்கு நடு ஏது? எப்படிக் கட்டினாலும் தலையாட்டிவிடுவார். தப்பை வாடிக்கையாளர் கண்டுபிடித்துவிட்டால் பெயர் போகும், பெயர் போனால் வேலை போகும். நான் ஒரு வேலை செய்தேன். அவர் தண்ணீர் குடிக்கப் போகும் நேரம் பார்த்து, கோட்டைப் பார்த்து, மாறியிருந்தால் திருப்பிக் கட்டினேன். பிறத்தியார் வீட்டுக் குப்பையைப் பார்த்து மூக்கைப் பொத்துகிற நான், வீட்டுக்கு வீடு இதைச் செய்தேன். அதைப் பாசம் என்று வேறு சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு பாட்டு டீச்சர் வீடு. ஒரு தூசி இல்லை. டிவியின் பின்னால்கூட எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா எங்கள் பின்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடைசி வரை எழுந்திருக்கவில்லை. எனக்கு வயரைத் தொட வழியில்லை.

மச்சான் கட்டினார், உட்கார்ந்தார், தலையாட்டினார். குரல் நடுவிலிருந்து வரவில்லையே என்றார் அந்த அம்மா. மச்சானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. புது ஸ்பீக்கர் பழக நாளாகும், கேட்கிறவர் காதும் பழக வேண்டும் என்று ஏதேதோ அளந்தார். குரல் சுவரோரமாக, ஆள் இல்லாமல் திரிந்தது. குழந்தைக்கே தெரியும்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மச்சான். நடுவுலதானே வருது?"

"ஆமா மச்சான். நடுவுலதான்."

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள். மச்சான்தான் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"பதினெட்டு வருஷத்துல நான் சொன்னதுக்கு நீ ஒரு தடவைகூட உடனே ஆமான்னதில்ல," என்றார்.

உண்மைதான். சண்டை போடாமல் நாங்கள் ஒரு வீட்டையும் முடித்ததில்லை. அவர் மெதுவாகக் கையை எடுத்து வலது காதைப் பொத்தினார். குரல் பேசிக்கொண்டே இருந்தது. அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. கையை எடுத்தார்.

"எத்தனை நாளா மாத்திக் கட்டுற?"

"ரெண்டு வருஷமா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். வயரை வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் தடவித் தடவிக் கோட்டைத் தேடினார். கத்துக்குட்டி மாதிரி கண்டுபிடித்துக் கட்டினார்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"சரியா இருக்கு மச்சான்," என்றேன் நான் முந்திக்கொண்டு.

"உன்னைக் கேக்கல," என்றார், திரும்பாமலே. "நீங்க சொல்லுங்கம்மா."

இப்போது நடுவிலிருந்துதான் வருகிறது என்றார் அந்த அம்மா. எனக்கும் நடுவில்தான் கேட்டது. அதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லாமல் போயிருந்தது.