சின்னக்கருப்பனுக்குக் கிழக்கே

லைனிங் துணியை இடுகாட்டுக் கல்லின்மேல் விரித்து, மூலைகளை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ரவிக்கைக்கு அளவு போடுகிற நீலச் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்க்கிறாள் நாகஜோதி. வெறுங்கண்ணுக்கு வழவழவென்றிருந்த கல்லிலிருந்து முதலில் ‘கு’ வருகிறது. பிறகு ‘ரு’. அப்புறம் குருநாதன் என்று முழு ஆளே துணியில் எழுந்துவிடுகிறார். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

“எந்திரிச்சுட்டீகளா தாத்தா?” என்று கல்லிடம் கேட்கிறாள்.

கல்லல் ஊரின் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள், நாற்பதைத் தாண்டியவள். காரைக்குடியிலிருந்து நான் துணியைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போவது கைத்திறனுக்காக. சொன்ன தேதிக்குத் தருவாள் என்பதற்காக அல்ல. இடுகாட்டில் கிடப்பவர்களின் வருஷம், மாதம், திதியெல்லாம் கேட்ட மாத்திரத்தில் சொல்லுவாள். என் ரவிக்கையை என்றைக்குத் தருவதாகச் சொன்னாள் என்பது மட்டும் நினைவில் நிற்காது. “கலியாணம் முடிஞ்சா என்னக்கா, பொங்கலுக்குப் போட்டுக்கங்க” என்பாள். அவளுடைய கத்தரிக்கோலை வேறு யாராவது தொட்டுவிட்டால் போச்சு. துணியைத் தவிர எதையும் அது வெட்டக் கூடாது. ஒருமுறை பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க எடுத்தேன். வாடிக்கைக்காரி என்றும் பாராமல் பிடுங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு இடுகாட்டுக்குப் போய்விடுவாள். பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று ஊர் கேட்கத்தான் செய்தது. “செத்தவுக யாரும் ஒண்ணும் சொல்லலைக்கா. உசுரோட இருக்கவுகதான் பேசுறாக.” பேசியவர்களே இப்போது பூட்டன் பேர் தெரியவில்லை என்று அவளிடம் வந்து நிற்கிறார்கள். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த சதீஷ்குமார், தன் பூட்டன் பேர் பதிந்த துணியைச் சட்டைப்பைக்குள் வைத்து, அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டதை நானே பார்த்தேன்.

ஆனால் அவள் இதில் இறங்கியது அடுத்தவர் பூட்டனுக்காக அல்ல. நான்கு வயதில் தாயை இழந்தவள். கல் நட வசதியில்லாத குடும்பம். அப்பா கண்ணை மூடும்முன் சொல்லிவிட்டுப் போன அடையாளம் ஒன்றுதான்: பிரபவ வருஷம் மாசியில், சின்னக்கருப்பன் செத்த மறுவாரம் அம்மா போனாள், அவர் கல்லுக்குக் கிழக்கே புதைத்தோம். கல் கல்லாகத் தேய்த்து அந்தப் பேரைப் பிடித்தாள். மாதம் அழிந்திருந்தது, பேரும் பிரபவ வருஷமும் இருந்தன. அன்றிலிருந்து மாசிதோறும் அதற்குக் கிழக்கே விளக்கேற்றி, அழுதுவிட்டு வருவாள்.

போன ஐப்பசியில் பெய்த மழை அந்தக் கல்லின் அடிமண்ணை அரித்துக்கொண்டு போனது. மண்ணுக்குள் இன்னொரு வரி இருந்திருக்கிறது: 1928. அவளுடைய அம்மா இறந்தது 1988இல்.

இந்தப் பக்கம் தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பார்கள். பிரபவ வருஷமோ அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். தாத்தா சின்னக்கருப்பன் ஒரு பிரபவத்தில் போக, பேரன் சின்னக்கருப்பன் அடுத்த பிரபவத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறார். காலம் ஒரு சுற்று சுற்றிவந்து அதே பேரை அதே வருஷத்தில் உட்காரவைக்குமா என்று நான் மலைத்துப்போனேன். நாகஜோதி மலைக்கவில்லை; தேடினாள். பேரனின் கல் கருவேலம் புதருக்குள் சாய்ந்து கிடந்தது. அம்மா அதற்குக் கிழக்கே. இத்தனை காலமும் யாரோ ஒருவருக்கு முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

இந்த மாசியில் நானும் கூடப் போனேன். புதரை வெட்டிச் சுத்தம் செய்திருந்தாள். அம்மாவின் இடத்தில் விளக்கேற்றினாள். அழவில்லை. வெறும் மண்ணை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, வாங்கிவந்த பூச்சரத்தை வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, முன்பு அழுத இடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“அங்குட்டு இருக்கிறது யாருன்னே தெரியாதே நாகு” என்றேன்.

“தெரியாதுதான். இம்புட்டு வருசமா அம்மான்னு கூப்பிட்டிருக்கேன். இனிமே நீங்க எங்கம்மா இல்லைன்னு எப்படிக்கா சொல்றது?”

பைக்குள் கைவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள். பூச்சரத்தை இரண்டாக மடித்து, நடு பார்த்து வெட்டினாள்.