வேண்டாம் டிரைவர் ‘ஆம்’ கேட்ட கதை

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று இருந்தது. அது டிப்போவின் சம்பளப் பதிவேட்டில் மட்டும் குடியிருந்தது. ஊருக்கு அவர் ‘வேண்டாம் டிரைவர்’. மேட்டுக் கடைசி நிறுத்தத்திலிருந்து ஆற்றங்கரைச் சந்தை வரை போகும் பேருந்தைப் பல வருஷங்களாக ஓட்டிக்கொண்டிருந்தவர். குட்டையான உருவம். இருக்கையில் ஒரு மெத்தையைப் போட்டு உட்கார்ந்தால்தான் முழுச் சாலையும் கண்ணுக்குத் தெரியும். குரல் மட்டும் உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் கடைசி வரிசை வரை போகும்.

அந்த ஊரில் நகராட்சி பெரிய காரியம் எதையும் தன் இஷ்டத்துக்குச் செய்துவிட முடியாது. மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். அதுபோக, போதுமான பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மக்களே ஒரு கேள்வியைக் கிளப்பலாம். நகராட்சி அதையும் ஓட்டுக்கு விட்டே தீர வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை வாக்குச்சீட்டு வரும். ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் இரண்டு கட்டங்கள்: ஆம், வேண்டாம்.

நம்மவர் முதல் கட்டத்தைத் தொட்டதே கிடையாது. நீச்சல் குளம் கட்டலாமா? வேண்டாம். பேருந்துகளுக்குப் பச்சையை அழித்து நீலம் அடிக்கலாமா? வேண்டாம். மணிக்கூண்டில் பாட்டு வைக்கலாமா? வேண்டவே வேண்டாம். ஒரு தடவை, ‘நகராட்சி உறுப்பினர்களுக்குப் படி உயர்த்தும் திட்டத்தைக் கைவிடலாமா?’ என்று கேட்டிருந்தார்கள். பழக்க தோஷத்தில் அதற்கும் ‘வேண்டாம்’ போட்டுவிட்டார். உறுப்பினர்களுக்குப் படி உயர்ந்தது. அந்த வாரம் முழுக்க அவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“ஆம்னு ஒரு தடவை சொல்லிட்டா முடிஞ்சுது, கட்டிட்டுப் போயிடுவாங்க. வேண்டாம்னு சொல்லிப் பாருங்க, திரும்பத் திரும்ப வந்து கேப்பாங்க. நமக்கும் ஒரு மரியாதை இருக்கும்” என்பது அவர் கட்சி.

அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தாள். “நல்லவேளை, எங்க கல்யாணத்துக்கு யாரும் இவர்கிட்ட ஓட்டு கேக்கலை” என்று அங்கே சொல்லிச் சிரிப்பாள்.

ஐம்பதைத் தாண்டியதும் டிரைவருக்குச் சர்க்கரை வந்தது. அதோடு அடிக்கடி இறங்க வேண்டிய தேவையும் வந்தது. கடைசி நிறுத்தத்தில் ஒரு நிழற்குடை, ஒரு குப்பைத்தொட்டி, டைம் கீப்பர் உட்காரும் தகரக் கூண்டு, இவ்வளவுதான். சுவரில் ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். வேறு எங்கே என்பதை எழுதவில்லை.

ஒருநாள் பாதி வழியில், நிறைந்த வண்டியில், அவருக்கு முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நிறுத்தங்கள் ஓட்டினார். மூன்றாவதில் முடியவில்லை. வண்டியை ஓரம் கட்டி இறங்கி, எதிரே இருந்த மருந்துக்கடைக்கு ஓடினார். “அது ஊழியர்களுக்கு மட்டும், சார்” என்றார் மருந்துக்கடைக்காரர், மாத்திரை அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். பக்கத்துக் கடையில் நுழைந்தார். அது குளியலறைச் சாமான்கள் விற்கும் கடை. வரிசையாக, பளபளவென்று, விதவிதமான கழிப்பறைக் கோப்பைகள். ஒன்றுக்கும் குழாய் இணைப்பு கிடையாது.

“எந்த மாடல் பாக்கறீங்க?” என்று விற்பனைப் பெண் பின்னாலேயே வந்தாள்.

“ஓடுற மாடல் ஒண்ணு காட்டும்மா” என்றார் அவர், கால்களை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு.

அந்தப் பெண் புத்திசாலி. கேள்வி கேட்காமல் பின்கட்டைக் காட்டினாள்.

திரும்பி வந்து வண்டியில் ஏறியபோது பயணிகள் அத்தனை பேரும் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. முன் இருக்கையில், மடியில் காய்கறிக் கூடையோடு ஒரு வயதான அம்மா இருந்தாள். சந்தையில் வியாபாரம் செய்பவள்.

“விடு தம்பி. உனக்காவது வண்டியை நிறுத்துற அதிகாரம் இருக்கு. நாங்க காலையிலேருந்து தண்ணியே குடிக்கறதில்லை” என்றாள்.

அவர் கடைசி நிறுத்தத்தில் இறங்கியதும் நேரே தகரக் கூண்டுக்குப் போனார். அங்கே டைம் கீப்பராக இருந்தவன் அவர் மனைவியின் தம்பி.

“டேய், ஒரு கேள்வியை ஓட்டுக்கு விட என்னடா செய்யணும்?”

“யார் விடப்போறாங்க, மாமா?”

“நான்தான். இங்க ஒரு கழிப்பறை வேணும்.”

மைத்துனன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். “மாமா, வேணும்னா சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க. சாட்சிக்கு யாரையாவது கூப்பிட்டுக்கறேன்.”

கையெழுத்து வாங்குவது அவர் நினைத்ததுபோல இல்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். வேண்டும் என்று சொன்னால் நாள் முழுக்கப் பேச வேண்டியிருந்தது. எவ்வளவு செலவாகும், வரி ஏறுமா, இரவில் குடிகாரர்கள் படுத்துக்கொள்வார்களா என்று கேட்டார்கள். இதே கேள்விகளைத் தான் எத்தனை பேரிடம் கேட்டிருப்போம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் கையெழுத்துகள் சேர்ந்தன. சந்தைக்காரம்மாவே தன் பங்குக்குக் கொத்தமல்லிக் கட்டோடு பேனாவையும் சேர்த்து நீட்டி நிறைய வாங்கிக் கொடுத்தாள்.

நகராட்சி தானே ஓர் இடத்தையும் பார்த்து, இரண்டு கேள்வியாகப் பிரித்துச் சீட்டில் போட்டது. ஒன்று, பேருந்துத் தடத்தில் பொதுக் கழிப்பறை வேண்டுமா? இரண்டு, அதை மருந்துக்கடையை ஒட்டிய காலி இடத்தில் கட்டலாமா?

மருந்துக்கடைக்காரர் விழித்துக்கொண்டார். கடை வாசலில் ஒரு பெரிய தட்டி வைத்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கழிப்பறைக் கேள்வி வந்தபோது நம்மவர் பேருந்தில் முழங்கிய வாசகம் அதில் இருந்தது: ‘வீட்டுலேயே போயிட்டு வந்தா என்ன கேடு?’ கீழே, ‘சொன்னவர்: வேண்டாம் டிரைவர்’ என்று பெயரும் போட்டிருந்தார்.

அந்த வழியாகத்தான் அவர் தினமும் வண்டி ஓட்ட வேண்டும். தட்டி வரும்போதெல்லாம் காரணமில்லாமல் ஹாரன் அடித்தார்.

முடிவு வந்தது. கழிப்பறை வேண்டுமா என்றதற்கு ஊரே கூடி ‘ஆம்’ போட்டிருந்தது. அந்த இடத்தில் கட்டலாமா என்றதற்கு அதே ஊர் ‘வேண்டாம்’ போட்டிருந்தது.

“எல்லாருக்கும் வேணும், யார் பக்கத்துலயும் வேண்டாம். ஆகாயத்துல கட்டச் சொல்லலாமா, மாமா?” என்றான் மைத்துனன்.

நகராட்சி வேறு இடம் தேடியது. கடைசி நிறுத்தத்துக்குப் பின்னால், தெரு திரும்பும் மூலையில், பழைய பயணச்சீட்டு அறை ஒன்று சும்மா கிடந்தது. அதை அடுத்த வாக்கெடுப்பில் வைப்பதாக அறிவித்தது. டிரைவருக்குத் தலை கால் புரியவில்லை. இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். (சர்க்கரை இருப்பதால் அதை மைத்துனன்தான் வழியிலேயே தின்றான்.)

மனைவி சமையலறை ஜன்னலைத் திறந்து காட்டினாள். பழைய பயணச்சீட்டு அறையின் பின்சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

“காத்து எந்தப் பக்கத்துலேருந்து அடிக்குது, பாத்தீங்களா?”

அவர் பார்த்தார். காற்று நேரே அடுப்பை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வீட்டு முன்பக்கத்து ஜன்னல் ஒன்றில் அவர் ‘ஆம்’ என்று எழுதி ஒட்டினார். வேலையிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் அடுத்த ஜன்னலில் ‘வேண்டாம்’ என்று அதைவிடப் பெரிதாக ஒட்டியிருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்குள் சண்டை ஒன்றுமில்லை. உப்பு எடுங்க, கதவைச் சாத்துங்க என்று பேச்சு சுருங்கிப் போயிருந்தது, அவ்வளவுதான்.

“என் வீட்டுலேயே எனக்கு எதிர்க்கட்சி” என்று மைத்துனனிடம் புலம்பினார்.

“அக்கா இருபது வருஷமா ஆளுங்கட்சி, மாமா. நீங்கதான் கவனிக்கலை.”

வாக்கெடுப்புக்கு முன்னால் நகராட்சி மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம் நடந்தது. நகராட்சித் தலைவி மேடையில் இருந்தார். மருந்துக்கடைக்காரர் முதல் வரிசையில் நிம்மதியாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். டிரைவர் பேசினார். கடைசி வரிசை வரை கேட்டது. ஆனால் யாரும் அசைந்து கொடுக்கவில்லை. பிறகு அவர் மனைவி கையைத் தூக்கினாள்.

“நான் பல் மருத்துவமனையில வேலை செய்யறேன்” என்று ஆரம்பித்தாள். “வர்றவங்ககிட்ட ‘பல்லைப் பிடுங்கலாமா, வேண்டாமா’ன்னு மொட்டையாக் கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. ஊசி போட்டுத்தான் பிடுங்குவோம், இவ்வளவு நேரம் ஆகும், நாளைக்கு இன்னது சாப்பிடலாம்னு எல்லாம் சொல்லிட்டுக் கேட்டா அவங்களே நாற்காலியில ஏறி உக்காருவாங்க. நீங்க எங்ககிட்ட மொட்டையாக் கேக்கறீங்க. கதவு எந்தப் பக்கம்? யார் கழுவுவாங்க, அவங்களுக்குச் சம்பளம் உண்டா? தண்ணி வருமா? பூட்டிச் சாவியை யார் பையில போட்டுப்பாங்க? இதுக்கெல்லாம் சீட்டுல கட்டம் இல்லை. அதனாலதான் ஜன்னல்ல வேண்டாம்னு ஒட்டியிருக்கேன். நான் வேண்டாங்கறது கழிப்பறையை இல்லை, உங்க கேள்வியை.”

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. இத்தனை வருஷமாக நாமும் இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தோம் என்று டிரைவருக்கு ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிஷமே, நாம் கேள்வியைப் படித்ததே இல்லையே என்பதும் நினைவுக்கு வந்தது.

“அப்போ நீங்களே சொல்லுங்க, எப்படிக் கேக்கணும்?” என்றார் தலைவி.

அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். கதவு நிறுத்தத்தைப் பார்த்து இருக்க வேண்டும். பின்சுவரில் ஜன்னல் கூடாது. காற்றுப்போக்கி கூரைக்கு மேலே உயர்ந்து நிற்க வேண்டும். சம்பளத்துக்கு ஒரு துப்புரவு ஊழியர். முதல் பேருந்திலிருந்து கடைசிப் பேருந்து வரை பூட்டு தொங்கக் கூடாது. சந்தைக்காரம்மா எழுந்து, “கூடையை வைக்க உள்ளே ஒரு சின்ன மேடை” என்றாள். அதையும் சேர்த்தார்கள்.

“அம்மா சொல்றபடி செஞ்சா எனக்குச் சம்மதம்” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“உங்க கடை அங்கேருந்து ரொம்ப தூரம், சார்” என்று யாரோ சொல்ல, மண்டபமே சிரித்தது. அவரும் வேறு வழியில்லாமல் சிரித்துவைத்தார்.

வாக்கெடுப்பு நாளில் டிரைவர் பொழுது விடிந்ததும் போய் நின்றுவிட்டார். மறைப்புக்குள் போய்ச் சீட்டை விரித்தார். கேள்வி அரைப் பக்கத்துக்கு நீண்டிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக முழுதாகப் படித்தார். படித்து முடிப்பதற்குள் கை தன் பழக்கத்தில் இரண்டாவது கட்டத்துக்குப் போய் ஒரு புள்ளி வைத்துவிட்டது.

அவர் வெளியே தலையை நீட்டினார். “மேடம், ஒரு புள்ளி விழுந்துடுச்சு. அது செல்லுமா?”

“எந்தக் கட்டத்துல?” என்றாள் தேர்தல் அலுவலர்.

“அதை வெளியில சொல்லக் கூடாதே.”

“அப்போ நானும் பதில் சொல்ல முடியாதே.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வரிசையில் பின்னாலிருந்து, “டிரைவர் ரிவர்ஸ் எடுக்கறாரு போல, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று ஒரு குரல் வந்தது. கடைசியில் அலுவலர் பழைய சீட்டை வாங்கிக் கிழித்துவிட்டுப் புதுச் சீட்டு கொடுத்தாள். இந்தத் தடவை இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே போட்டார்.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். “எதுல போட்டீங்க?”

“ரகசிய வாக்கெடுப்பு.”

“சரி, நான் ஆம்ல போட்டேன். ஒருவேளை நீங்க மாத்திப் போட்டிருந்தாலும் நம்ம வீட்டுக் கணக்கு நேராயிடும்.”

அவர் சட்டென்று நின்று, “ஆம்லதான்” என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

‘ஆம்’ ஜெயித்தது. மழைக்காலத்துக்கு முன்னாலேயே கட்டி முடித்தார்கள். திறப்பு விழாவுக்குத் தலைவி வந்து நாடாவை வெட்டி, ஜனநாயகத்தைப் பற்றி நாலு வார்த்தை பேச ஆரம்பித்தார். கூடையோடு வந்திருந்த சந்தைக்காரம்மா பேச்சு முடியும்வரை பொறுக்கவில்லை. “இருங்கம்மா, வந்துடறேன்” என்று அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு நகராட்சிக்கு ஒரு யோசனை வந்தது. ஓட்டுக்கு விடும் கேள்விகளை முன்கூட்டியே சாதாரண மக்கள் பார்த்துச் சரிசெய்ய ஒரு சிறு குழு அமைத்தது. அதில் முதல் ஆளாக டிரைவரின் மனைவியைக் கேட்டார்கள். என்ன வேலை, எத்தனை நாள், எத்தனை மணிக்கு வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, சரி என்றாள்.

இப்போது வாரத்தில் இரண்டு சாயங்காலம் அவள் கூட்டத்துக்குப் போய்விடுகிறாள். வாசலில் யாராவது வந்து, “அம்மா இருக்காங்களா? விளையாட்டுத் திடல் விஷயமா ஒரு சந்தேகம் கேக்கணும்” என்பார்கள். டிரைவர் கையில் கரண்டியோடு வந்து எட்டிப் பார்ப்பார். “கூட்டத்துக்குப் போயிருக்கா. உள்ளே வந்து உக்காருங்க, டீ போடறேன்” என்பார். சர்க்கரை எத்தனை என்பதையும் ஞாபகமாகக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்.