பவுடர் போடாமல் வரவும்

மேமோகிராம் எடுக்கிறவளுக்குக் கல்யாண வீட்டில் பெண்கள் கை கொடுக்கத் தயங்குவார்கள். அந்தக் கை எவ்வளவு குளிரும் என்று பாதிப் பேருக்குத் தெரியும். கருங்கலில் ஒரு ஸ்கேன் சென்டரில் எனக்கு அதுதான் ஜோலி. ஏசி அறை, மார்பை அழுத்திப் படமெடுக்க இரண்டு தட்டு, நடுவில் ஊரிலுள்ள அக்காமார். தட்டு இறக்குகிற சகோதரிகளே, தட்டுக்குள் மாட்டிய சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் ஸ்டெல்லா டீச்சர் கதையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

போட்டோ

"பவுடர் போடாமல் வரவும்" என்று வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அக்குளில் பவுடர் இருந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக விழும். மார்புக்குள் இருக்கும் சுண்ணாம்புப் படிவா, பவுடரா என்று டாக்டர் மண்டையை உடைக்க வேண்டும்.

டீச்சர் எங்கள் சபைக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். கூடப்பிறந்த அக்காளை மார்பகப் புற்றுநோயில் பறிகொடுத்தவர். அந்தப் பயத்தில்தான் வந்தார். வந்தவர் கழுத்திலிருந்து இடுப்பு வரை பவுடர். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. "வாசல்ல எழுதியிருக்கத வாசிக்கலியா டீச்சர்?" என்றேன்.

"வாசிச்சேன் மக்கா. அதுக்காவ, படம் எடுக்க வாறப்போ மூளியாவா வருவாவ?"

தட்டு

தட்டு இறங்கும்போது சிலர் திட்டுவார்கள், சிலர் சிரிப்பார்கள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு வேதத்திலிருந்து சங்கீதம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மூச்சைப் பிடியுங்கள் என்றால் வசனத்தைப் பாதியில் விடக்கூடாதாம். படம் ஆடிப்போய், மறுபடியும் தட்டை இறக்கினேன்.

"ஏட்டி, சப்பாத்தியா போடுத? ஆளு உயிரோட நிக்கேன், கேட்டியா!"

புட்டு

ரிப்போர்ட் வந்தது. கட்டி எதுவும் தெரியவில்லை, மார்பகத் திசு மிகவும் அடர்த்தி, அல்ட்ராசவுண்டும் பார்க்கவும். டீச்சர் முதல் வரியை வாசித்ததுமே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

நான் படத்தைக் காட்டினேன். "அடர்த்தி ஒரு சீக்கு இல்ல டீச்சர், எத்தனையோ பேருக்கு உள்ளதுதான். ஆனா அதுவும் படத்துல வெள்ள, கட்டியும் வெள்ள. புட்டுக்குள்ள தேங்காப்பூ தேடுத மாதிரி. அதனாலதான் ஸ்கேனும் கேக்காவ." கூட வந்திருந்த கணவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"அடர்த்தின்னா நல்லதுல்லா? அது இல்லாம நான் படுத பாடு எனக்குல்லா தெரியும்!"

குலை

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் டீச்சர் எழுந்து சாட்சி சொன்னார். அக்காளுக்கு வந்த நோய் தன்னை அண்டவில்லை, படத்தில் ஒன்றுமே இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். காணிக்கையாக ஒரு செந்துளுவன் வாழைக்குலை. பாடகர் குழுவில் நின்றுகொண்டிருந்த எனக்கு அடுத்த பாட்டு ஓடவில்லை. வெளியே பிடித்து நிறுத்தி, "ஸ்கேன் எப்போ டீச்சர்?" என்றேன்.

"சாட்சி சொல்லியாச்சு பிள்ளே. இனி ஸ்கேனுக்குப் போனா, நான் ஆண்டவர நம்பலன்னுல்லா ஆவும்?"

ஏலம்

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருளை ஏலம் விடுவது எங்கள் வழக்கம். கேட்ட எல்லாரையும் மிஞ்சி அந்தக் குலையை நான் எடுத்தேன். ஸ்கூட்டரில் வைத்து நேரே டீச்சர் வீட்டுக்குப் போய் முற்றத்தில் இறக்கினேன்.

டீச்சர் பதறிப்போனார். "ஆண்டவருக்குக் குடுத்தத திருப்பிக் கொண்டுவந்தியா?"

"பாதி ரிப்போர்ட்டுக்குச் சொன்ன சாட்சி டீச்சர். பிள்ளைகள் கணக்கப் பாதியில விட்டுட்டு விடை எழுதினா மார்க் போடுவியளா?"

டீச்சர் குலையைத் தூக்கித் திண்ணையில் வைத்தார். அப்புறம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. செரி, நாளைக்கு வாறேன்."

கை

ஸ்கேனில் இருந்தது. சின்னது, பயறு அளவுதான், ஆனால் இருந்தது. ஊசி போட்டு எடுத்துச் சோதித்ததில் அக்காளுக்கு வந்த அதே நோய்தான் என்று உறுதியானது. எத்தனை பேருக்கு இந்தச் சேதியைக் கேட்கத் துணைக்கு நின்றிருக்கிறேன், அன்றைக்கு அழுதது நான். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்க கைக்கு இப்பத்தான் ஏட்டி சூடு வந்திருக்கு."

மறு சாட்சி

திருவனந்தபுரத்தில் ஆபரேஷன், பிறகு மருந்து. நேரத்தோடு வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். முடி முளைக்கத் தொடங்கிய தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, டீச்சர் கோவிலில் மறுபடியும் எழுந்தார். "போன தடவ நான் சொன்னது பாதி. எனக்க மார்பு அடர்த்தியான மார்பு, ஒரு படத்துல அகப்படல" என்றார். பிரசங்க பீடத்துக்குக் கேட்கிற மாதிரி மார்பு என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். போதகர் பாட்டுப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார். டீச்சர் நிறுத்தவில்லை. "ஸ்கேனும் பாருங்கன்னு சொன்னா பாருங்க. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு." காலடியில் புதிதாக ஒரு செந்துளுவன் குலை. உட்காரும் முன் பாடகர் குழுவைப் பார்த்து விரலை நீட்டினார்.

"இந்தக் குலைய மட்டும் அவ ஏலத்துல எடுக்கப்பிடாது!"

அடுத்த வாரமே எங்கள் சபைப் பெண்கள் ஒரு வேன் பிடித்து ஸ்கேன் சென்டருக்கு வந்து இறங்கினார்கள், ஒருத்தி பாக்கியில்லாமல் பவுடர் போட்டுக்கொண்டு.